பத்தில் ஒரு பங்கு

அவரிடம் மணி கேட்கக் கூடாது என்று எங்கள் கம்பெனிக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள். கேட்டால் பத்தே முக்கால் என்று சொல்லிவிட்டுப் போகமாட்டார். பத்து நாற்பத்து மூன்று என்பார். அதோடு, தன் வாட்ச் இருபது விநாடி முந்தி ஓடுகிறது, அதைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பார். கேட்டவன் அதற்குள் பாதித் தூரம் போயிருப்பான்.

தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றி இறக்குகிற கம்பெனி அது. பெரியது ஒன்றும் இல்லை. இரண்டு கிரேன், ஏழெட்டு லாரி, ஒரு ஒர்க்‌ஷாப், ஒரு ஆபீஸ். அவர் ஒர்க்‌ஷாப்பில் போர்மேன். நான் ஆபீசில் டைப்பிஸ்ட். கம்ப்யூட்டர் வந்து இத்தனை காலம் ஆகியும் கடைசிவரை என்னை டைப்பிஸ்ட் என்றுதான் கூப்பிட்டார்கள். போன வருஷம் ஓய்வுபெற்றேன். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுத எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைக்கிற இடத்தில் அவர் வெர்னியர் வைத்திருப்பார். மில்லிமீட்டரையும் கூறுபோட்டு அளக்கிற கருவி. கேன்டீனில் ஒருநாள் உளுந்தவடையின் கனத்தை அளந்துவிட்டு, நேற்றையதைவிட நாலு மில்லி குறைவு என்று சொன்னார். கேன்டீன்காரர் ஒரு வாரம் அவருக்கு டீ கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை. சொந்தத் தங்கை மகள் கல்யாணத்தில், மாப்பிள்ளைக்கு வாங்கியிருந்த மோதிரம் விரலில் ஏறாது என்று கோயில் வாசலிலேயே அளந்து சொன்னாராம். பூசை நேரத்தில் மோதிரம் பாதி விரலில் நின்றுவிட்டது. அவர் சொன்னது சரியாகப் போனதற்காகவே அந்தத் தங்கை அவரோடு இரண்டு வருஷம் பேசவில்லை.

‘சுமார்’ என்ற சொல் அவருக்கு ஆகாது. லாரி டிரைவர் யாராவது சுமாரா ஒரு மணி நேரத்துல வந்துருவேன் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டால் போதும். கையில் இருக்கிற வேலையை அப்படியே நிறுத்திவிட்டுக் கேட்பார்.

“சுமாருன்னா எம்புட்டு?”

கோபமாகக் கேட்கமாட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போலக் கேட்பார். அதுதான் எரிச்சலாக இருக்கும்.

அவருடைய அப்பா சங்கு குளிக்கிறவர். ஆலந்தலைக்காரர். ஒருநாள் கடலுக்குள் இறங்கியவர் மேலே வரவில்லை. வள்ளத்தில் இருந்தவர்கள் கரைக்கு வந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போய், ‘சுமாரா இங்கனதான் முங்குனாரு’ என்று ஆளுக்கொரு இடத்தைக் காட்டியிருக்கிறார்கள். மூன்று நாள் தேடியும் உடம்பு கிடைக்கவில்லை. போர்மேனின் மனைவி ஜெபமாலை அக்கா இதை என்னிடம் சொல்லியிருக்கிறார். அதனாலதான் அண்ணாச்சி இப்படி ஆயிட்டாங்களோ என்று நான் உருகிப்போய்க் கேட்டபோது அக்கா உதட்டைப் பிதுக்கினார். அவங்க அப்பா சாகாம இருந்திருந்தாலும் இவரு இப்படித்தான் இருந்திருப்பாரு, பிறவிக் குணம் என்றார்.

அந்தக் கார் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

சரக்குக் கப்பல் ஒன்றில், பாரம் இழுக்கிற வின்ச்சில் ஒரு பின் உடைந்துபோனது. கப்பலின் இரண்டாம் எஞ்சினியர், வயதான ஒரு வெளிநாட்டுக்காரர், அதே மாதிரி ஒன்று கடைந்து தர முடியுமா என்று எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். இவர் கடைந்து கொடுத்தார். அந்த ஆள் அதை அளந்து பார்த்துவிட்டு, மறுபடியும் அளந்து பார்த்துவிட்டு, இவர் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். கப்பல் கிளம்புகிற அன்று ஒரு கட்டுப் பழைய பத்திரிகைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாம் இங்கிலீஷ். ஒன்றில் நாலு பக்கத்துக்கு ஒரு காரைப் பற்றிப் போட்டிருந்தது.

நாம் தெருவில் பார்க்கிற கார் இல்லை அது. தரையில் யார் அதிக வேகமாகப் போகிறார்கள் என்று வெள்ளைக்காரர்கள் ஒருவரோடொருவர் போட்டி போட்ட காலத்தில், இன்றைக்கு நூறு வருஷத்துக்கு முன்னால், செய்த கார். விமான எஞ்சின் ஒன்றைத் தூக்கி நீளமான சட்டத்தில் வைத்து, அலுமினியத் தகட்டால் மூடி, கடற்கரை ஈர மணலில் ஓட்டியிருக்கிறார்கள். சீலா மீனுக்குச் சக்கரம் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஓட்டுகிறவன் தலை மட்டும் வெளியே தெரிந்தது.

இவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. திரேஸ்புரத்தில் இருந்து துறைமுகத்துக்குச் சைக்கிளில்தான் வருவார். ஆனாலும் அந்த நாலு பக்கத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்குக் கொண்டுவந்து, வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொன்னார். நான் நாசரேத்துக்காரி. மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் எனக்கு உண்டு என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரியும்.

அவரைப் பிடித்தது வேகம் இல்லை. அந்தப் போட்டியின் விதி. ஒரு மைல் தூரத்தைப் போகும்போது ஒருமுறை, அதே வழியில் திரும்பும்போது ஒருமுறை, இரண்டு முறையும் நேரம் எடுத்து, இரண்டுக்கும் நடுவில் வருவதைத்தான் வேகமாக ஒப்புக்கொள்வார்களாம். அதுவும் விநாடியில் நூறில் ஒரு பங்குவரை. ஒருபக்கம் மட்டும் ஓடினால் எவ்வளவு வேகமாக ஓடினாலும் கணக்கில் சேராது. இதை நான் வாசித்துச் சொன்னதும் சாப்பாட்டுக் கையைக் கழுவாமலே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

“காத்து ஒரு பக்கம் தள்ளிவிட்டிருக்கும்லா, தங்கச்சி. திரும்பியும் ஓடிக் காட்டணும். அதுதான் முறை” என்றார்.

மறுநாள் வந்து, இதைச் செய்யப் போகிறேன் என்றார். அசலில் பத்தில் ஒரு பங்கு. வெறும் பொம்மை இல்லை. திருப்பினால் திரும்ப வேண்டும், சக்கரம் உருண்டால் உள்ளே சங்கிலி ஓட வேண்டும்.

பத்திரிகையில் இருந்த வரைபடத்தில் எல்லா அளவும் இல்லை. அதனால் பழைய கார்களைப் பற்றிய வெளிநாட்டுச் சங்கம் ஒன்றுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று கேள்வி. நான் எழுதி மெயிலில் அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து மரியாதையான பதில் வந்தது. அதில் அளவுக்கு முன்னால் ‘சுமார்’ என்று போட்டிருந்தது. அதை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு சொன்னேன்.

அவர் என் கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்த ஆளையும் கேட்டு எழுதும்மா என்றார். சுமார் என்றால் எவ்வளவு என்று அந்த வெள்ளைக்காரருக்கு நான் இங்கிலீஷில் எழுதினேன். சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். அந்த மனிதர் ஏதோ மியூசியத்துக்கே போய் வரைபடத்தைத் தேடிப் பிடித்து, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குவரை சரியாக அளவு அனுப்பிவைத்தார். அன்றைக்கு இவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மொத்தம் நாலு வருஷம் வேலை நடந்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் ஜெபமாலை அக்காவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவர் அங்கேதான் இருப்பார். தூண்டிலில் மாட்டுகிற எஃகுக் கம்பியை வெட்டி, சக்கரத்துக்கு ஆரக்கால் கோத்தார். ஒரு சக்கரத்துக்கு அறுபது. கப்பல் உரசாமல் இருக்கத் துறைமுகச் சுவரில் கட்டுகிற கட்டி ரப்பரில் ஒரு துண்டை எடுத்து, லேத்தில் கடைந்து டயர் செய்தார். டீ வடிகட்டியின் வலை ரேடியேட்டர் ஆனது. டிரைவர் உட்காருகிற இடத்துக்குச் செருப்புக்கடையில் ஆட்டுத்தோல் வாங்கி, பிளேடால் சுரண்டிச் சுரண்டி மெலிதாக்கினார். பத்தில் ஒரு பங்கு காருக்குத் தோலும் பத்தில் ஒரு பங்கு கனம்தானே இருக்க வேண்டும் என்றார்.

சங்கிலிதான் கஷ்டம். எஞ்சினில் இருந்து பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் சங்கிலி போகிறது. ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாக அரத்தால் ராவி எடுத்தார். அரிசியைவிடச் சின்னது. கண்ணியெல்லாம் கோத்து முடிக்க எட்டு மாதம் ஆனது. அதன்மேல் ஒரு மூடி வேறு வருகிறது. மூடி போட்டு மறைக்கப்போற சங்கிலிக்கு எதுக்கு இம்புட்டுப் பாடு என்று அக்கா ஒருநாள் கேட்டார்.

“மூடினா இல்லைன்னு ஆயிருமா?” என்றார் அவர்.

மேல்கூட்டை அலுமினியத் தகட்டில் தட்டித் தட்டி எடுத்தார். ஆறு மாதம். மூக்கில் இருந்து வால்வரை ஒரே வளைவு, பார்த்தால் தடவத் தோன்றும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அதைத் தகரம் வெட்டுகிற கத்தரியால் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தார். வால் பக்கம் ஒன்றரை மில்லி கூடிவிட்டதாம். யாருக்குத் தெரியப்போகிறது அண்ணாச்சி என்று நான் பதறினேன். எனக்குத் தெரியும்லா என்று சொல்லிவிட்டு வெட்டினார். புதிதாக மறுபடியும் ஆரம்பித்தார்.

கார் என்ன நிறம் என்ற கேள்வி வந்தது. படமெல்லாம் கறுப்பு வெள்ளை. நீலமாக இருந்திருக்கலாம் என்று சங்கத்துக்காரர் எழுதினார். இருந்திருக்கலாம் என்பதற்காக இவர் பெயின்ட் அடிக்கத் தயாராக இல்லை. அது கடைசிவரை வெறும் அலுமினிய நிறத்திலேயே இருந்தது.

இதையெல்லாம் ஒரு வேடிக்கையான மனிதரைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் அப்போது நான் வீட்டில் என் கணவரிடம் சொல்லுவேன். ஒரே ஒருநாள் மட்டும் மனசுக்குள் என்னவோபோல் இருந்தது. அக்காவுக்கு டெங்குக் காய்ச்சல் வந்து தேறியிருந்த சமயம். பார்க்கப் போயிருந்தேன். கட்டிலில் சாய்ந்தபடி சொன்னார்.

“மூணு மணிக்கொரு தரம் தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தாரு தங்கச்சி. நூத்தி ரெண்டு புள்ளி நாலுன்னு நோட்டுல எழுதுனாரு. எழுதிட்டுக் கொட்டகைக்குப் போயிருவாரு. நெத்தியில ஒருக்கா கை வச்சுப் பாக்கல.”

அக்கா சண்டைக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

கம்பெனியில் சனிக்கிழமைதோறும் இரண்டு கிரேன்களின் இரும்பு ரோப்பையும் அவர் அளப்பார். ரோப்பு தேயத் தேயக் கனம் குறையும். இருபது மில்லி ரோப்பு பதினெட்டுக்குக் கீழே வந்தால் கழித்துவிட வேண்டும். அவர் நோட்டில் எழுதுவதை நான் பார்த்து டைப் செய்து, வாராந்திர அறிக்கையாக மேனேஜரிடம் கொடுப்பேன். வருஷக்கணக்காக அந்த எண்கள் என் விரல் வழியாகத்தான் போயின.

மரத்தடி ஏற்றி வந்த கப்பல் ஒன்று துறைமுகத்தில் நின்றது. அந்தச் சனிக்கிழமை நோட்டில் ஒரு கிரேனின் ரோப்புக்கு நேரே பதினேழு புள்ளி ஆறு என்று எழுதி, பக்கத்தில் ‘மாற்றவும்’ என்று போட்டு, அடியில் கோடு இழுத்திருந்தார். நான் அப்படியே டைப் செய்தேன். மேனேஜர் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவர் முடியாது என்று தலையை ஆட்டுவதும், மேனேஜர் கையை விரிப்பதும் எனக்குத் தெரிந்தது. கப்பலைத் தாமதிக்க முடியாது, இன்னும் மூன்று நாள் வேலைதான், அது முடிந்ததும் மாற்றிவிடலாம் என்பதுதான் பேச்சு. கடைசியில் கிரேன் ஓட்டத் தகுதியாக இருக்கிறது என்கிற அட்டையில் அவர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு வெளியே வந்தவர் என் மேசைப் பக்கம் திரும்பாமல் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ரோப்பு அறுந்தது. கீழே நின்ற லிங்கதுரை செத்துப்போனான். சாயர்புரத்துக்காரன். முப்பத்து நாலு வயது. தினமும் காலையில் ஆபீஸ் குழாயில் பாட்டிலில் தண்ணீர் பிடிக்க வருகிறவன். என்னைப் பார்த்தால் சாப்டாச்சா அக்கா என்று கேட்டுவிட்டுத்தான் போவான், அது காலை ஒன்பது மணியாக இருந்தாலும்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வருகிறார் என்றார்கள். அதற்கு முந்தின நாள் மேனேஜர் என்னை அழைத்து, அந்த வார அறிக்கையை மறுபடி டைப் செய்யச் சொன்னார். பதினேழு புள்ளி ஆறு இருந்த இடத்தில் பதினெட்டு புள்ளி நாலு. ‘மாற்றவும்’ என்ற சொல் வேண்டாம். இரண்டு நிமிஷ வேலை. நான் ஏன் என்று கேட்கவில்லை. பழைய தாளை மேனேஜர் வாங்கி மேசை டிராயருக்குள் வைத்துக்கொண்டார். கம்ப்யூட்டரில் இருந்ததையும் என்னையே அழிக்கச் சொன்னார். அழித்தேன்.

மறுநாள் விசாரணை. அதிகாரி கேட்பதையும் இவர்கள் சொல்வதையும் எழுத என்னை உட்கார வைத்திருந்தார்கள். அவர் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். பையில் வெர்னியர் இல்லை. கடைசியாக அளந்தபோது ரோப்பின் கனம் என்ன என்று அதிகாரி கேட்டார். மேனேஜர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சுமாரா சரியாத்தான் இருந்துச்சு, சார்” என்றார் அவர்.

என் கை நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. அதிகாரி, எழுதுங்கம்மா என்றார். எழுதினேன்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். உண்மையான அளவைச் சொன்னால், தெரிந்தே எதற்கு அட்டையில் கையெழுத்துப் போட்டாய் என்ற கேள்வி வரும். ஜெயிலுக்குப் போவது நான் இல்லை, நீர்தான் என்று முந்தின நாள் மேனேஜர் அவரிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் பொய் சொல்வதென்றால் பதினெட்டு புள்ளி நாலு என்றே சொல்லியிருக்கலாம். தாளிலும் அப்படித்தான் இருந்தது. ஒரு தவறான எண்ணை வாயால் சொல்ல அவரால் முடியவில்லை. அதனால் அந்தச் சொல்லைச் சொன்னார். இதை அவருடைய நேர்மை என்று ஒரு காலத்தில் நான் எனக்குள் வாதாடியதுண்டு. இப்போது அப்படி நினைக்கவில்லை.

ரோப்பில் குறை இல்லை, வெளியே தெரியாத பழுது, லிங்கதுரை கவனமில்லாமல் நிற்கக் கூடாத இடத்தில் நின்றான் என்று அறிக்கை முடிந்தது.

அவன் மனைவி முத்துக்கனி நாலைந்து தடவை ஆபீசுக்கு வந்தாள். கம்பெனி கொடுத்ததை வாங்கிக்கொண்டாள். அதைப் பற்றி அவள் பேசவில்லை. அறிக்கையில் இருந்து ஒரு வரியை எடுக்க வேண்டும் என்றாள். மேனேஜர் பார்க்கவில்லை. என் மேசைக்கு முன்னால்தான் நின்றாள்.

“கவனமில்லாம நின்னாருன்னு எழுதியிருக்காம்லா. எம்மவ நாளைக்கு வாசிப்பா, அக்கா. எங்க நின்னாரு, எங்க நிக்கணும்னு யாரு அளந்து பாத்தா?”

அப்போது ஒர்க்‌ஷாப்பில் இருந்து அவர் ஏதோ பில்லோடு உள்ளே வந்தார். அவள் யார் என்று அவருக்குத் தெரியும். அளந்து பார்த்தது யார் என்ற கேள்வியும் காதில் விழுந்திருக்கும். பில்லை என் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு அவர் கார் வேலையில் இன்னும் மோசமானார். முடிந்துபோன பாகங்களைக் கழற்றி அளந்து மறுபடி செய்தார். ஆரக்கால்களை எல்லாம் பிரித்துப் புதிதாகக் கோத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவதை நிறுத்தினார். ஆபீசில் யாராவது சுமார் என்று சொன்னால் இப்போது அவர் ஒன்றும் கேட்பதில்லை. ஆட்கள் வேண்டுமென்றே அவர் முன்னால் சொல்லிப் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் அந்த விளையாட்டும் சலித்துவிட்டது.

இரண்டு வருஷத்தில் கார் முடிந்தது. எழுபத்தெட்டு சென்டிமீட்டர், மூன்று மில்லி. மேனேஜர் கேள்விப்பட்டு வீட்டுக்கே போய்ப் பார்த்தார். ஆபீஸ் வரவேற்பறையில் வைக்க வேண்டும் என்று கேட்டார். அவர் கொடுத்துவிட்டார். ஏன் கொடுத்தார் என்று அக்காவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கண்ணாடிப் பெட்டி செய்து, கீழே ஒரு பித்தளைத் தகடு அடித்தார்கள். ‘துல்லியமே எங்கள் பாரம்பரியம்’ என்று தகட்டில் எழுதியிருந்தது. அந்த வாசகத்தைக் கடைக்காரனுக்கு டைப் செய்து கொடுத்ததும் நான்தான். வருகிற கப்பல் ஏஜென்டுகள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அவர் ஓய்வுபெற்று ஒரு வருஷம் இருக்கும். ஒருநாள் அக்காவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிச் சாயர்புரத்துக்குப் போயிருக்கிறார். முத்துக்கனி வீட்டு முற்றத்தில் நின்றபடியே, அளவு பதினேழு புள்ளி ஆறு, நான் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன், உன் புருஷன் நின்ற இடத்தில் தப்பு இல்லை என்று சொன்னாராம். நோட்டைக் கையோடு கொண்டுபோயிருந்தார். அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். முத்துக்கனி அழவில்லை, ஏசவில்லை. அந்த எண்ணை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாளாம். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்று அக்கா சொன்னார். கொடுப்பாள் என்று எதிர்பார்த்து அவர் போயிருக்க மாட்டார்.

அடுத்த வாரம் முத்துக்கனி மகளோடு அவர் வீட்டுக்கு வந்தாள். விசாரணையைத் திரும்ப நடத்தச் சொல்லி மனு எழுதினார்கள். நோட்டு மட்டும் போதாது, அது அவரே எழுதிவைத்துக்கொண்டது, எப்போது வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஆபீசில் அறிக்கை மாற்றப்பட்டது என்று யாராவது சொல்ல வேண்டும்.

அவர் என் வீட்டுக்கு வந்தார். காலை நேரம். சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே வராமல் வராந்தாவில் உட்கார்ந்தார். நான் காபி கொண்டுவந்தேன். குடிக்கவில்லை.

“அந்தத் தாளை நீதான் மாத்தி அடிச்ச, தங்கச்சி. ஒனக்கு ஒண்ணும் வராது. சொன்னதைச் செஞ்சேன்னு சொல்லு. அது போதும்.”

அப்போது என் கணவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டில்தான் அது ஓடிக்கொண்டிருந்தது. இது அவருக்குத் தெரியும். உள்ளறையில் என் கணவர் இருமுகிற சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“எத்தனையோ தாள் அடிச்சிருக்கேன் அண்ணாச்சி. எனக்கு ஞாபகம் இல்ல.”

அவர் காபி டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சரிம்மா, சார் ஒடம்பப் பாத்துக்கிடுங்க என்று எழுந்துவிட்டார். அதுவரை என்னை அவர் நீ என்றுதான் பேசியிருக்கிறார்.

மனு போனது தெரிந்ததும் கம்பெனி அந்தக் காரைத் திருப்பி அனுப்பியது. மேனேஜர் பித்தளைத் தகட்டைக் கழற்றச் சொல்லிவிட்டு, காரைப் பிரிண்டர் வந்த அட்டைப்பெட்டி ஒன்றில் வைத்து லோடு ஆட்டோவில் ஏற்றச் சொன்னார். ஏற்றி அனுப்பிய ரசீதில் கையெழுத்து என்னுடையது. பெட்டிக்குள் வைக்கோலோ துணியோ ஒன்றும் வைக்கவில்லை. வைக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை என்று எழுதினால் அது பொய். தோன்றியது. மேனேஜர் பக்கத்தில் நின்றார்.

வீட்டில் பெட்டியைத் திறந்தபோது முன்சக்கர அச்சு வளைந்து, ஒரு பக்கச் சங்கிலி அறுந்து கண்ணிகள் பெட்டி முழுக்கச் சிதறிக் கிடந்தனவாம். அவர் அவற்றைப் பொறுக்கி ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு மூடி, காருக்குள்ளேயே வைத்துவிட்டார். சரிசெய்யவில்லை. அதை வைத்திருந்த கொட்டகையைப் பூட்டிச் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்தி அப்போது ஒன்றிரண்டு மாதம் ஆகியிருந்தது.

மனு, போதிய ஆதாரம் இல்லை என்று தள்ளுபடி ஆனது. அவரும் முத்துக்கனியும் மறுபடி ஒரு மனு போட்டார்கள். அதற்கு வருகிற தேதிகளில் இரண்டு பேரும் கலெக்டர் ஆபீஸ் பக்கம் மரத்தடியில் காத்திருப்பதை நான் பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் தலையைக் குனிந்துகொள்வேன். அவர் சும்மா உட்கார்ந்திருப்பார். கையில் நோட்டு இருக்கும். முத்துக்கனி சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து அவர் பக்கம் நகர்த்தி வைப்பதை ஒரு தடவை பார்த்தேன்.

இரண்டாவது மனு முடிவதற்குள் அவர் போய்விட்டார். மாரடைப்பு. நான் ஓய்வுபெற்ற அதே மாதம். அதற்கு ஐந்து மாதம் முன்பே என் கணவரும் இறந்திருந்தார். அதாவது எனக்குப் பயப்பட ஒரு காரணமும் இல்லாத ஐந்து மாதம் இருந்தது. அதில் ஒருநாள்கூட நான் திரேஸ்புரத்துக்குப் போகவில்லை. போகலாம் என்று புடவை மாற்றிக்கொண்டு, பிறகு உட்கார்ந்துவிட்ட நாட்கள் உண்டு. அவை எத்தனை என்று நான் எண்ணவில்லை.

அடக்கத்துக்குப் போனேன். தெருவில் பந்தல் போட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஜெபமாலை அக்கா என்னைப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் அசைத்தார். முத்துக்கனி பெண்கள் வரிசையில் மகளோடு இருந்தாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், அண்ணாச்சி ரொம்ப நல்லவங்க என்றேன். எல்லாச் சாவு வீட்டிலும் சொல்கிறதுதான்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை.

“அவரு செஞ்சதை அவரு வீடு தேடி வந்து சொன்னாருக்கா. மூஞ்சியில காறித் துப்புனாலும் வாங்கிக்கிடலாம்னுதான் வந்து நின்னாரு. ஒங்க வீடும் எனக்குத் தெரியும். நீங்க வருவியன்னு நானும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.”

உள்ளே ஜெபம் தொடங்கியது. அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு வரிசை தள்ளிப் போய், வேறு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.